ஊரே குணமாகியிருந்த நாற்பத்தொரு நாட்கள்

லிங்கத்துரை உட்காரவில்லை. பொன்னிசக்கி மூன்று முறை நாற்காலியைக் காட்டிவிட்டாள்.

"உக்காந்தா எந்திரிக்கத் தோணாது மைனி. நின்னுக்கிட்டே சொல்லிருதேன்."

அவளுடைய கணவன் சுயம்புலிங்கமும் இவனும் பன்னிரண்டு வருடம் ஒரே குளிர்வண்டியை மாறி மாறி ஓட்டியவர்கள். சங்குவிளைக் கரையிலிருந்து கொச்சிக்கும் மங்களூருக்கும் மீன் ஏற்றிப் போவார்கள். ஊர் அவர்களை அண்ணன் தம்பி என்றே சொல்லும். அதனால் அவள் அவனுக்கு மைனி. இந்தக் கட்டடத்துக்குள் மட்டும் அவள் முன்னறி நிலையத்தின் மூத்த பரிசோதகர். அவன் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் நான்காவது பெயர். இன்று புதன்கிழமை.

இருபது வருடம் கழித்து வரப்போகும் புராஸ்டேட் புற்றுநோயை இன்றைய ரத்தத்திலேயே படித்துவிடலாம் என்று கண்டறிந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். நாற்பது தாண்டிய ஒவ்வோர் ஆணின் முன்கையிலும் தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு மணி பதித்தார்கள். எண்ணெயில் வந்தது, இறைச்சியில் வந்தது, மீனில் வந்தது என்று ரத்தத்தில் ஓடும் கொழுப்புகளையெல்லாம் அது அளந்து, தினமும் ஒரு நிறம் காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு. மூன்று மாதச் சராசரி சிவப்பில் நின்றால் முன்னகற்றல். நோய் வருமுன்பே சுரப்பியை எடுத்துவிடுவார்கள். ஒன்றரை மணி நேர வேலை, தழும்பு இருக்காது என்று சுவரொட்டி சொன்னது. மறுத்தவனுக்குக் கனரக வண்டி ஓட்டும் உரிமம் கிடையாது. தழும்பு இல்லாத உடம்பில் வேறு என்னவெல்லாம் இல்லாமல் போகும் என்பதைச் சுவரொட்டி சொல்லவில்லை.

"மைனி, நான் மீனு திங்கத விட்டுருதேன்," என்றான் லிங்கத்துரை.

"மீனு நல்லதுன்னுதான சொல்லியிருக்கோம். கறியையும் தேங்காயெண்ணெயையும்தான் விடச் சொன்னது."

"அதயெல்லாம் விட்டு மூணு வருசமாச்சு. கறி தின்ன வாய்க்கு ரெண்டு மீனு கூடப் போட்டுக்கிட்டேன். செவப்புதான் கூடுச்சு. ஆனா ஒண்ணு பாத்தீங்களா, தசராவுக்குக் குலசை அம்மனுக்கு மாலை போட்டு வெரதம் இருந்தம்லா, கடைசி மூணு வாரமும் பச்சை. ஒருநாள் தவறாம பச்சை! அம்மா கண்ணத் தொறந்துட்டான்னு கோயில்லயே அழுதுட்டேன். மாலையக் கழட்டுனேன். பத்து நாள்ல மஞ்ச. இன்னைக்குப் பாருங்க." முன்கையை நீட்டினான். தோலுக்கு அடியில் கனிந்த மிளகாய்ப்பழ நிறம்.

"சரி, அதுக்கு?"

"வருசம் பூரா மாலை போட்டுக்கிடுதேன். அந்தப் பச்சை நாளையே எம்பேர்ல எழுதிருங்க."

"ஒம் பொஞ்சாதி என்ன சொல்லுதா?"

"கல்யாணம் முடிஞ்சு எட்டு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள சாமியாராப் போறீரான்னு கேக்கா."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அவன் சன்னல் வரை நடந்தான், திரும்பி வந்தான். ஆண்கள் கையெல்லாம் சிவப்பு காட்டும் ‘செவப்புக் கரை’க்காரன் என்று நாலு வருடம் யாரும் பெண் கொடுக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில்தான் அவனுக்கு வாய்த்தது.

"பிள்ளைக்கு வேற வழி இருக்குன்னு டாக்டரு சொல்லிட்டாவ. எனக்கு அது பயமில்ல மைனி. நான் சுயம்பண்ணன பாக்கேன்லா." சொன்னபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். "மன்னிச்சுக்கிடுங்க. வாய் தவறிட்டு."

"போயிட்டு வா. நான் பாக்கேன்," என்றாள் அவள்.

சுயம்புலிங்கத்துக்கு முன்னகற்றல் நடந்து இரண்டு வருடமாகிறது. அவன் தயங்கவே இல்லை. "நீ சொன்னாச் சரிதாம்ளா" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டு படுத்தான். இப்போது அவனால் அரை மணி நேரம் வண்டியில் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. வீட்டு வாசலில் பஞ்சர் கடை போட்டிருக்கிறான். கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. எங்காவது போயே தீர வேண்டுமானால் ஒரு பையில் மாற்று வேட்டி. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அவளிடம் ஒரு கடிந்த சொல் சொன்னதில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடாதது.

அவள் திரையில் லிங்கத்துரையின் மணி அன்றாடம் அளந்ததைக் காட்டும் தினக்கோட்டை எடுத்தாள். மூன்று மாதச் சராசரியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். தினக்கோட்டை யாரும் திறப்பதில்லை. அவன் சொன்னது உண்மை. ஆவணிக் கடைசியில் சிவப்பு, இரண்டே வாரத்தில் மஞ்சளாகி, பிறகு பச்சை. தசரா முடிந்ததும் ஏற்றம். பக்கத்துத் தெரு முத்துப்பாண்டியின் கோட்டை எடுத்தாள். அதே வளைவு. பெட்டிக்கடை செந்தூர்க்கனி, அதே வளைவு. கிறிஸ்தவத் தெரு அந்தோணி ரீகன் மாலை போடாதவர். அவர் கோடு வருடம் முழுவதும் சிவப்பில் நேராகக் கிடந்தது.

மாலை போட்ட நூற்றுத் தொண்ணூறு பேரின் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். ஊரே சேர்ந்து குணமாகி, சேர்ந்தே நோயாளியாகியிருந்தது.

அம்மனின் கருணையில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கருணை நாள் குறித்துக்கொண்டு வந்து, நாள் குறித்துக்கொண்டு திரும்புமா? விரதம் இருக்கும் நாற்பத்தொரு நாளும் ஊரில் ஒருவன் வாயிலும் மீன் படாது. ஒருவேளைப் பச்சரிசிச் சோறு, துவையல், பழம். ரத்தத்தில் மீன் கொழுப்பு குறையக் குறைய மணி பச்சையாகிறது. அப்படியானால் மணிக்குப் பச்சை என்று சொல்லிக்கொடுத்தது யார்?

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கோப்பைத் திறந்தாள். சங்குவிளைக் கரை, முதல் அளவீடு, இருநூற்றுப் பன்னிரண்டு ஆண்கள். ரத்தம் எடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். எடுத்த நாட்கள், தசராவுக்கு முந்தைய வாரம்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு வாரத்தில் இருநூறு பேர் வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. வருடத்தின் மற்ற நாட்களில் இந்த ஊர் ஆண்களை எங்கே பிடிப்பது? பாதிப்பேர் லாரியில், மீதிப்பேர் மும்பையில். தசராவுக்குத்தான் அத்தனை பேரும் ஊருக்கு வருவார்கள். மாலை போட்டு, ஊர்முனையில் ஓலைக்குடில் கட்டி ஒன்றாகத் தங்கியிருப்பார்கள். அவள் குடிலுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். சிவப்பு வேட்டியும் கழுத்தில் துளசிமணியுமாக ஒவ்வொருவரும் கையை நீட்டினார்கள். படிவத்தில் ஒரு கேள்வி: வாரத்தில் எத்தனை நாள் மீன் உண்பீர்கள்? "ஏழு நாளும்" என்று எல்லோரும் சொன்னார்கள். மாலை போட்டவன் பொய் சொல்வானா? ஏழு என்று எழுதினாள். இந்த வாரம் உண்டீர்களா என்று படிவமும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர்கள் விரதம் இருப்பது அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதிவைப்பார்கள்?

தினம் மீன் தின்னும் ஆண்களின் இயல்பான ரத்தம் இதுதான் என்று தூரத்து நகரத்தில் இருந்து மணிகளுக்கு நிறம் வகுத்த கணக்கு நம்பிவிட்டது. பிறகு உண்மையாகவே மீன் தின்றவனெல்லாம் அதன் கண்ணில் தடம் மாறியவன் ஆனான்.

*

டாக்டர் ஹெப்சிபா மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். அறுபதை நெருங்கிய, குரல் உயர்த்தாத பெண்மணி.

"தினக்கோடு ஏறி இறங்கும் இசக்கி. அதனாலதான் சராசரி பார்க்கிறோம்."

"தெரியும் டாக்டர். ஒவ்வொரு கரைக்கும் தனித்தனியா இயல்பு அளவு எதுக்கு எடுத்தோம்? அத மட்டும் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாததா? ஒரு நாட்டு ஆண்கள் ரத்தத்துல மீன் கொழுப்பு கூடினா இந்த நோய் கூடுற மாதிரி இருக்கு. வேற நாட்டுல அதே கொழுப்பு காப்பாத்துற மாதிரி இருக்கு. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியல. அதனால ஒரு ஊர் ரத்தத்தை இன்னொரு ஊர்த் தராசுல நிறுக்காதேன்னு முடிவு பண்ணாங்க. அவங்கவங்க இயல்பு எதுன்னு முதல்ல எடுக்கணும். அதுலேருந்து ஒருத்தன் எவ்வளவு விலகுறான்னு பார்க்கணும்."

"இந்தக் கரையோட இயல்ப எடுத்தது நான்."

"ஆமா, இருநூத்திப் பன்னிரண்டு பேர். நல்லாப் பண்ணியிருந்த."

"அத்தன பேரும் மாலை போட்டிருந்தாங்க டாக்டர். முப்பது நாளா ஒருத்தர் வாயிலயும் மீன் படல."

டாக்டர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு திரையை இழுத்து, அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். மேசைமேல் இருந்த கை மெல்ல நெஞ்சுக்குப் போனது.

"ஆண்டவரே," என்றார். "முன்னூத்தி இருபத்தாறு பேருக்குச் சுரப்பியை எடுத்திருக்கோமே."

"ஆமா."

"அதுல பத்துப் பன்னிரண்டு பேருக்கு நிஜமாவே வந்திருக்கலாம். யாருக்குன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது." எழுந்து அறைக்குள்ளேயே நடந்தார். "வெள்ளிக்கிழமைப் பட்டியலை நிறுத்துறேன். இப்பவே கையெழுத்துப் போடுறேன். இயல்பு அளவைத் திரும்ப எடுப்போம். தையில எடுக்கலாம், இல்ல மாசியில. எல்லாருக்கும் கோடு தானா இறங்கிடும்."

"ஏற்கெனவே சுரப்பிய எடுத்தவங்களுக்கு?"

டாக்டர் மேசைமேல் பேனாவைத் தேடினார்.

"டாக்டர், எடுத்தவங்களுக்கு என்ன சொல்லப்போறோம்?"

"இசக்கி, அவங்க இன்னைக்கு எதை நம்பி வாழ்றாங்க? உயிருக்கு வந்த ஆபத்து போச்சுன்னு நம்பித்தானே அந்தக் கஷ்டத்தைத் தாங்குறாங்க. அந்த நம்பிக்கையைப் புடுங்கினா அவங்க கையில என்ன மிஞ்சும்? தெரியாம இருக்கிறதும் சில நேரம் மருந்துதான்."

"உங்களுக்கு ஒருத்தர் இப்படிச் செஞ்சிருந்தா நீங்க தெரியாம இருக்க ஆசப்படுவீங்களா?"

டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நிறுத்துறதுக்கு எனக்குத் துணிச்சல் இருக்கு. சொல்றதுக்கு இல்ல. நான் பொய் சொல்லமாட்டேன்; கேட்டா ஒத்துக்குவேன். ஆனா அந்த வீடுகளுக்குள்ள என்னால போகமுடியாது." திரும்பாமலேயே, "நீ போனா உன்னைத் தடுக்கமாட்டேன்" என்றார்.

அவர் கையெழுத்திட்டதும் முதல் வேலையாகப் பொன்னிசக்கி லிங்கத்துரைக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை இல்லை, இனி எப்போதும் இல்லை என்றாள். மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல், "இவுஹ தரையில உக்காந்துட்டாஹ மைனி, என்ன சொன்னீங்க?" என்று பதறியது. நல்ல செய்திதான் என்று சொல்லி வைத்தாள்.

*

அவள் வீடு திரும்பும்போது மணி மூன்று. சுயம்புலிங்கம் வாசலில் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னளா, பொழுதோட வந்துட்ட? மேலுக்குச் சொகமில்லயா?"

"உள்ள வாங்க. ஒண்ணு சொல்லணும்."

"இங்கனயே சொல்லு. இத விட்டா காத்து போயிரும்."

வழியெல்லாம் அடுக்கி வைத்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. "குடில்ல வச்சு ஒங்கட்ட ரத்தம் எடுத்தேன்லா, ஒம்பது வருசத்துக்கு முன்னால," என்று தொடங்கினாள். எப்படி எப்படியோ சொல்லி முடித்தாள். கடைசியில், "ஒங்களுக்கு எடுத்திருக்க வேண்டாம். எடுக்கச் சொன்னது நான்" என்றாள்.

அவன் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். முகத்தில் அதிர்ச்சி இல்லை. அவள் அதைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்ளா."

"என்ன தெரியும்?"

"எனக்கு எடுத்து மூணாம் மாசம் மாலை போட்டேன். இது தண்டனைதான்னு நெனச்சு, அம்மாகிட்ட அழணும்னு போட்டேன். கைமணி பச்சையாச்சு. கழட்டுனேன், செவப்பாச்சு. சுரப்பியே இல்லாத மனுசனுக்கு என்ன செவப்பு, என்ன பச்சைன்னு ரோசிச்சேன். நான் எட்டாங்கிளாசுதான். ஆனா நாங்க பட்டினி கெடந்தப்பதான நீ வந்து ரத்தம் எடுத்த, அது மறக்குமா?"

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? ராத்திரி நான் எந்திரிச்சுப் போறப்பல்லாம் நீ முழிச்சுக்கிட்டுக் கெடப்ப. இதயும் சொன்னா நீ தாங்கமாட்டன்னு நெனச்சேன். ஒன்னக் காப்பாத்துதேன்னு நெனச்சேன்."

அவன் அன்பு எவ்வளவு பெரியது என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. அதே நொடியில் இன்னொன்றும் தெரிந்தது. அதை அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டாள்.

"ஒங்களுக்குப் பொறவு எத்தன பேரு?"

"நூத்திப் பதினெட்டு."

அவள் எண்ணிப்பார்த்ததில்லை. எண்ணிக்கை அவன் நாக்கில் தயாராக இருந்தது.

"ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் எண்ணுவேன்," என்றான். "இந்த வாரம் சொல்லிருவோம், அடுத்த வாரம் சொல்லிருவோம்னு... ஒருத்தி மனசு நோகக்கூடாதுன்னு நூத்திப் பதினெட்டுப் பேர வெட்டக் குடுத்துட்டேன். லிங்கத்துரை பேரு வந்தன்னைக்குச் சோறு எறங்கல. அப்பவும் வாயத் தொறக்கல பாத்தியா?"

அவளுக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அவன் காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வாசற்படியில் உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான். தொடவில்லை.

முந்தானையை எடுத்துவிட்டு அவள்தான் பேசினாள். "டாக்டரு வரமாட்டாவ. நான் போய்ச் சொல்லப்போறேன். ஒவ்வொரு வீடா."

"கல்லால எறிவான்."

"எறியட்டும்."

அவன் உள்ளே போய்க் கைகால் கழுவி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, பையில் இன்னொன்றை மடித்து வைத்துக்கொண்டு வந்தான். கடைப்பலகையைச் சாத்தினான்.

"மொதல்ல யாரு வீடு?"

"பட்டியல் வரிசப்படி போனா..."

"வேண்டாம். கடைசி ஆளுட்ட இருந்து வருவோம். சண்முகவேலு. எடுத்து அஞ்சு நாளாச்சு. இன்னும் மூத்திர டியூப்பு எடுக்கல."

*

சண்முகவேலின் மனைவி கோமதி அவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். நோயாளியைப் பார்க்க வந்திருப்பதாக நினைத்துவிட்டாள். "வாங்க மைனி, வாங்க அண்ணே. எங்க வீட்டுக்கெல்லாம் வரத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று பாயை உதறிப் போட்டாள். மோர் கலக்க உள்ளே ஓடினாள்.

சண்முகவேல் கட்டிலில் சாய்ந்திருந்தான். நாற்பத்தொரு வயது. படகு இயந்திரம் பழுது பார்ப்பவன். போர்வைக்கு அடியிலிருந்து ஒரு குழாய் கட்டிலோரத்துப் பைக்கு இறங்கியது. அதை மறைக்கப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அண்ணே, நீங்க வந்தது நல்லதாப் போச்சு," என்றான் சுயம்புலிங்கத்திடம். "இதெல்லாம் எப்ப சரியாவும்? வெக்கத்த விட்டுக் கேக்கேன். ஒங்களுக்கு எத்தன மாசம் ஆச்சு?"

சுயம்புலிங்கம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். மாற்று வேட்டிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். பொன்னிசக்கி கீழே முழங்காலிட்டு உட்கார்ந்து சண்முகவேலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலு, நாங்க அளந்த அளவு தப்பு. தப்பா அளந்தது நான். ஒங்கைல காட்டுன செவப்பு தப்பு."

"தப்புன்னா?"

"ஒன் ரத்தத்துல கோளாறு இல்ல. மீனு திங்குத மனுசனுக்கு இருக்க வேண்டிய ரத்தம்தான். நோய் வரும்னு சொன்னமே, அப்படிச் சொல்ல எங்ககிட்ட ஒரு காரணமும் இல்ல."

அவன் அவளையே பார்த்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்கள் விரிந்தன.

"எனக்கு நோயி வராதா மைனி?" முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லயா? ஏ கோமதி, இங்க வாயேன்! மைனி என்ன சொல்லுதாவன்னு கேளு! எனக்கு ஒண்ணுமே இல்லயாம்!"

கோமதி மோர்ச்செம்போடு வாசலில் வந்து நின்று, அதைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்து அம்மனைக் கும்பிட்டாள். சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். சண்முகவேல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கண் கட்டிலோரத்துப் பையின் பக்கம் மெல்ல இறங்கியது.

பொன்னிசக்கி அவன் கையை விடவில்லை.